மூடியைத் திறந்தால் விழிக்காத லேப்டாப்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து போட்டால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெங்களூரில் நாள் முழுக்க லினக்ஸ் சர்வர்களோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அது பொய்யில்லை. ராம் 8 எம்பி, 16 எம்பி என்றிருந்த தொண்ணூறுகளில், சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் தேவையில்லாத ஒவ்வொன்றும் கெர்னலோடு சேர்ந்து ராமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்; கழற்றி எறிந்தால் மிச்சமானது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) தருகிற கெர்னலில் பெரும்பாலான டிரைவர்கள் மாட்யூல்களாக, அதாவது வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனித் துண்டுகளாக, டிஸ்கில் கிடக்கின்றன. அதற்குரிய சாதனம் இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அவற்றையெல்லாம் நீக்கினால் டிஸ்கில் சில நூறு எம்பி மிச்சமாகும். யூடியூப் ஒரு நொடிகூட முன்னால் ஓடாது.

பிறகு எதற்கு இந்த வேலை? டிஸ்ட்ரோ கெர்னலில் இல்லாத ஏதோ ஒன்று வேண்டும், அல்லது அதில் இருக்கிற ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் இறங்கலாம் என்பது என் கட்சி. என் பிழைப்பு முதல் வகை. வண்டிகளுக்குள் போகிற சின்ன போர்டுகளுக்குக் கெர்னல் கட்டுகிறேன். என் தங்கை மகனுக்கு வாய்த்தது இரண்டாம் வகை.

அவன் கெங்கேரிப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறான். சனிக்கிழமை ஆனால் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஏறி அல்சூரில் இறங்கி, அழுக்குத் துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கிய செகண்ட்-ஹேண்ட் லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறான். ஏதோ கம்பெனி லீஸ் முடிந்து கழித்துவிட்டது. லினக்ஸ் போட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வந்தது வினை. மூடியை மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்காது. ஃபேன் சுற்றும், கீபோர்டு விளக்கு எரியும், திரை மட்டும் கும்மிருட்டு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும்.

"பெரியம்மா, பேசாம விண்டோஸே போட்டுரட்டுமா?"

"பழைய கெர்னல்ல பூட் பண்ணிப் பார்த்தியாடா?"

பார்க்கவில்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்டேட் வரும்போது பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் முந்தைய கெர்னலை அழிப்பதில்லை. மெஷின் எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் க்ரப் மெனு வரும். அதன் உள்மெனுவில் பழையது காத்திருக்கும். அதில் ஏறிப் பார்த்தான். மூடி திறந்ததும் திரை பளிச்சென்று வந்தது. ஆக, வன்பொருளில் கோளாறில்லை. இரண்டு கெர்னல் பதிப்புகளுக்கு நடுவே எங்கோ ஒரு மாற்றம் இவன் லேப்டாப்பைத் தூங்கவைத்துவிட்டு எழுப்ப மறந்துவிட்டது. பழைய கெர்னலிலேயே குடியிருந்துவிடலாம்தான். ஆனால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. என்ன மாற்றம் என்று கண்டுபிடிப்பதுதான் ஒழுங்கான வழி, அதற்கு நாமே கட்டியாக வேண்டும்.

முதல் வேலை, இப்போதைய புத்தம்புதிய பதிப்பிலும் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது. கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் ஸ்டேபிள் என்று போட்டிருக்கும் பதிப்பை இறக்கினோம். அமுக்கப்பட்ட கோப்பு சுமார் 140 எம்பி, விரித்தால் ஒன்றரை ஜிபி. கூடவே ஒரு கையொப்பக் கோப்பும் இருக்கும். அதைச் சரிபார்க்காமல் மேலே போகக் கூடாது. அந்தக் கையொப்பம் அமுக்கப்பட்ட கோப்புக்கு உரியதில்லை, உள்ளே இருக்கும் டார் கோப்புக்கு உரியது. முதலில் எக்ஸ்இசட் அமுக்கத்தை அவிழ்த்துவிட்டுத்தான், கையொப்பம் சரிபார்க்கும் ஜிபிஜி நிரலிடம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் கையொப்பம் தப்பு என்று பதறுகிறவர்கள் உண்டு.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பில் சுமார் 10,000 வரிகள்தான். இன்று ஏறத்தாழ 4 கோடி. மலைக்க வேண்டாம், அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள். உலகத்தில் யாரோ ஒருவர் எப்போதோ லினக்ஸில் செருகிய சாதனங்களுக்கெல்லாம். உங்கள் மெஷினுக்கு அதில் சின்னஞ்சிறு பங்கு போதும். எந்தப் பங்கு என்பதைச் சொல்வதுதான் கான்ஃபிக், இந்தக் கதையில் என் நேரத்தைத் தின்றதும் அதுதான்.

மெனுகான்ஃபிக் என்று தட்டினால் நீலப் பின்னணியில் சாம்பல் பெட்டி ஒன்று வரும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் அடைப்பு. நட்சத்திரம் இருந்தால் கெர்னலுக்குள்ளேயே கட்டப்படும், எம் இருந்தால் மாட்யூலாகத் தனியே நிற்கும், காலியாக இருந்தால் கிடையாது. இப்படிப் பல ஆயிரம் கேள்விகள். பையன் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனான். "ஹாம் ரேடியோவா? இதெல்லாம் யாரு பெரியம்மா வச்சுக்கிறாங்க?" வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்தாற்போலவே, வண்டிக்குள் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்று ஒரு வரி; அவனுக்கு அது குப்பை, எனக்கு அதுதான் சோறு.

எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் சொல்கிறவன் முட்டாள். டிஸ்ட்ரோ தன் கெர்னலைக் கட்டிய கான்ஃபிக்கை பூட் அடைவில் அப்படியே வைத்திருக்கும். அதை எடுத்து, மூலநிரல் அடைவில் டாட் கான்ஃபிக் என்ற பெயரில் போட்டு, ஓல்டுடெஃப்கான்ஃபிக் என்று சொன்னால், பழைய பதில்கள் அப்படியே நிற்கும், புதிதாக முளைத்த கேள்விகளுக்கு இயல்பான பதில் விழும். இப்படியே கட்டினாலும் கெர்னல் ஓடும். ஆனால் இது உலகத்துக்கே பொதுவான கான்ஃபிக், அவனுடைய லேப்டாப்பில் கட்டவிட்டால் மணிக்கணக்கில் ஓடும். பலமுறை கட்டப்போகிறோம் என்றால் இது தாங்காது.

இங்கேதான் லோக்கல்மாட்கான்ஃபிக் கைகொடுக்கிறது. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதிச் சேர்த்தது, 2.6.32 பதிப்பிலிருந்து இருக்கிறது. இந்த நிமிடம் மெஷினில் எந்தெந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று எல்எஸ்மாட் சொல்லும் பட்டியலைப் பார்த்து, அதில் இல்லாத மாட்யூல்களையெல்லாம் கான்ஃபிக்கிலிருந்து தூக்கிவிடும். ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் நூற்றுச் சொச்சமாகச் சுருங்கும். இன்னொரு வசதி, பட்டியல் வேறொரு மெஷினிலிருந்தும் வரலாம். அவன் தன் லேப்டாப்பில் எல்எஸ்மாட் பட்டியலை ஒரு கோப்பில் போட்டு டெலிகிராமில் அனுப்பினான். எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் அந்தக் கோப்பைக் காட்டி, அவன் லேப்டாப்புக்கான கான்ஃபிக்கை உருவாக்கினோம். லேப்டாப் அவன் மடியில், கட்டுமானம் என் மேஜையில்.

ஆனால் "இந்த நிமிடம்" என்பதைக் கவனியுங்கள். இப்போது செருகாத எதுவும் அந்தப் பட்டியலில் இராது. அதனால் பட்டியல் எடுப்பதற்கு முன் அவனை ஒவ்வொன்றாகச் செருகச் சொன்னேன். பென்டிரைவைச் செருகித் திறந்தான்; அது எக்ஸ்ஃபேட் ஃபார்மட், வெறுமனே செருகினால் போதாது, மவுண்ட் ஆனால்தான் அந்த மாட்யூல் ஏறும். போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் ஆன் செய்தான். ஹாஸ்டல் வைஃபை படுத்துக்கொள்ளும் இரவுகளில் அதுதான் கதி. கேமராவைத் திறந்து மூடினான். புளூடூத் ஹெட்செட், மவுஸ், எங்கள் டிவியின் ஹெச்டிஎம்ஐ கேபிள். "பிரிண்டர்?" என்றான். பிரிண்டர் அவனிடம் இல்லை, கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையில்தான் எடுப்பான். ஆனாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அதை மட்டும் மெனுவில் கையால் எம் போட்டோம். பிறகு எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஹைபன் கே சேர்த்து ஓடவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்த டிரைவர் பொறுப்பு என்று வரிவரியாக வரும். திரைக்கு ஐ915, வைஃபைக்கு ஐடபிள்யூஎல்வைஃபை, ஒலிக்கு எஸ்என்டி ஹெச்டிஏ இன்டெல். மூன்று வருடப் படிப்பில் அவன் தன் லேப்டாப்பை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. வாய் ஓயாதவன் கொஞ்ச நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தான்.

அடிக்கடி லேப்டாப்பில் எதையாவது மாட்டிக் கழற்றுகிறவர்களுக்கு மாட்ப்ரோப்டு-டிபி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வாரக்கணக்கில் பின்னால் ஓடி, எப்போதாவது ஏறிய மாட்யூல்களையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பையும் எல்எஸ்மாட் பட்டியலுக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

கம்பைலுக்கு முன் இரண்டு இடங்களில் கை வைத்தாக வேண்டும். டெபியன், உபுண்டு வகைக் கான்ஃபிக்குகளில் நம்பகச் சாவிகள் என்ற இடத்தில் ஒரு பெம் கோப்பின் பெயர் இருக்கும். அந்தக் கோப்பு டிஸ்ட்ரோவின் சொந்த மூலநிரலில்தான் உண்டு, நாம் இறக்கியதில் கிடையாது. அப்படியே விட்டால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, இந்தக் கோப்பை உருவாக்க வழி தெரியவில்லை என்று, கட்டுமானத்தை நடத்தும் மேக் கட்டளை நின்றுவிடும். அந்த இடத்தைக் காலியாக்கிவிட வேண்டும். இரண்டாவது டிபக் தகவல், பிழை தேடுகிறவர்களுக்காகக் கூடவே சேர்க்கும் விவரம். டிஸ்ட்ரோக்கள் அதை ஆன் செய்தே வைத்திருக்கும். முழுக் கான்ஃபிக்கோடு கட்டினால் டிஸ்கில் 20 ஜிபிக்கு மேல் விழுங்கிவிடும். அணைத்துவிடுங்கள்.

பைசன், ஃப்ளெக்ஸ், லிப்எல்ஃப், லிப்எஸ்எஸ்எல், என்கர்சஸ் என்று சில பொதிகளை நிறுவிக்கொண்டு, மேக் கட்டளையோடு பின்டெப்-பிகேஜி என்று சொன்னால் கெர்னல் நேராக, டெபியன், உபுண்டு வகைகள் நிறுவும் டெப் பொதியாகவே வந்துவிடும். கையால் மாட்யூல்ஸ்-இன்ஸ்டால், இன்ஸ்டால் என்று போடுவதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். வேண்டாதபோது மற்றப் பொதிகளைப் போலவே நீக்கிவிடலாம், குப்பை மிஞ்சாது. எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவது என்பதற்குப் பிராசஸர் கோர்களின் எண்ணிக்கையைக் கொடுப்பது வழக்கம். ராம் 4 ஜிபிதான் என்றால் கோர் எட்டு இருந்தாலும் எட்டைக் கொடுக்காதீர்கள், கடைசி லிங்க் கட்டத்தில் மூச்சு முட்டும். நடுவில் மழை வந்தது, கரண்டும் போனது. போனால் போகட்டும். கம்பைல் ஆன கோப்புகள் டிஸ்கில் இருக்கும். மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தபோது பொதி தயார்.

நிறுவுவது டிபிகேஜி ஒரு வரி. பூட் செய்தால் க்ரப் முகத்தில் அடித்தாற்போல் ஒரு செய்தி: ஷிம் கையொப்பம் சரியில்லை, முதலில் கெர்னலை ஏற்று. நம்பகமான கையொப்பம் இல்லாத கெர்னலை ஏற்ற மறுக்கும் செக்யூர் பூட் செய்கிற வேலை. டிஸ்ட்ரோவின் கெர்னல் அதன் சாவியால் கையொப்பமிடப்பட்டு வருகிறது. நாம் கட்டியதற்கு யார் கையொப்பமும் கிடையாது. நாமே ஒரு சாவி உருவாக்கி, மோக் யூட்டில் மூலம் மெஷினிடம் பதிவு செய்து, ஒவ்வொரு கெர்னலுக்கும் கையொப்பம் போடலாம். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் கெர்னல் என்றால் அதுதான் சரி. கோளாறு தேடும் நாட்களில் பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதே நடைமுறை. ஒரு எச்சரிக்கை: அதே லேப்டாப்பில் விண்டோஸும் அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரும் இருந்தால், செக்யூர் பூட்டை அணைத்ததும் விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கும். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

இன்னொரு செய்தியும் பலரைக் கலங்கடிக்கும்: ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை, அடைப்புக்குள் பூஜ்யம் கமா பூஜ்யம், கெர்னல் பேனிக். டிஸ்கைப் படிக்கும் டிரைவரும் அந்த டிஸ்கிலேயே மாட்யூலாக இருந்தால், வீட்டுச் சாவியை உள்ளே வைத்து வெளியே நின்று பூட்டிய கதைதான். இதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னப் பொட்டலத்தில் அந்த மாட்யூல்களைக் கட்டி, க்ரப்பே அதைக் கெர்னலோடு ராமில் ஏற்றுகிறது. டெப் பொதியாக நிறுவினால் இந்தப் பொட்டலமும் தானாகவே தயாராகும். கையால் நிறுவி, அதை விட்டுவிட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தப் பேனிக் வரும். வந்தாலும் மெனுவில் பழைய கெர்னல் இருக்கிறதே.

புத்தம்புதிய பதிப்பு ஏறியது. மூடினான், திறந்தான். இருட்டு.

நல்லது என்றேன், முறைத்தான். கோளாறு இன்னும் இருக்கிறது என்றால் யாரும் சரிசெய்யவில்லை, நாம் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. இனி பைசெக்ட். கெர்னல் வளர்ச்சிக்காக டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய, மூலநிரல் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் கருவியிலேயே இது இருக்கிறது. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொன்னால், நடுவில் இருக்கும் மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும். கட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொன்னால், மிச்சத்தில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி நடுவை எடுக்கும். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒரு கெர்னல் வெளியீட்டில் ஏறத்தாழ 14,000 மாற்றங்கள் இருக்கும். 14 முறை கட்டினால் குற்றவாளி ஒன்றில் வந்து நிற்கும். பையனிடம் கேட்டேன், நடுவில் மூன்று வெளியீடு இருந்தால் எத்தனை முறை? 42 என்றான் பட்டென்று. பிறகு அவனே விரலை மடக்கிப் பார்த்து, 16 என்று திருத்திக்கொண்டான். லாகரிதம் பரீட்சைக்கு வெளியே வேலைக்காகும் அபூர்வ இடங்களில் இது ஒன்று.

இதற்குத்தான் அந்தச் சுருங்கிய கான்ஃபிக். முழுக் கான்ஃபிக்கோடு 16 முறை கட்டினால் செமஸ்டரே முடிந்துவிடும். முக்கியமான ஒழுங்கு ஒன்று: ஒவ்வொரு முறையும், முதலில் பத்திரப்படுத்திய அதே கான்ஃபிக்கை நகலெடுத்து ஓல்டுடெஃப்கான்ஃபிக் போட வேண்டும். போன முறை மிஞ்சியதைத் தொடரக் கூடாது. பதிப்புகள் முன்னும் பின்னும் தாவும்போது சில பதில்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோகும். பெயரோடு கிட் அடையாளமும் தானாக ஒட்டிக்கொள்ளும்படி வைத்தால், யூநேம் கட்டளையில் எந்தக் கெர்னலில் நிற்கிறோம் என்று குழப்பமிராது. கட்டவே முடியாத மாற்றம் வந்தால் ஸ்கிப் சொல்லித் தாண்டிவிடலாம். சோதனைக்கு மூடியைத் திறந்து மூடிக் கீலை உடைக்க வேண்டாம். ஆர்டிசிவேக் கட்டளை 20 நொடி தூங்கவைத்து எழுப்பும், எழுந்தால் நல்லது. பூட் பகுதி சின்னதாக இருந்தால் சீக்கிரம் நிரம்பும், சோதித்த கெர்னல்களை அவ்வப்போது நீக்க வேண்டும்.

2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கி, 2005இல் ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறி, 2012இல் நின்றுபோன மாநாடு ஒன்று இந்த ஊரில் நடந்துகொண்டிருந்தது. கெர்னலோடு இப்படி மல்லுக்கட்டுகிறவர்கள் அன்று அங்கே கூடுவார்கள். இன்று இந்த ஊரில் லினக்ஸால் பிழைப்பவர்கள் அன்றைவிடப் பல மடங்கு, பைசெக்ட் செய்தவர்கள் எத்தனை பேர் என்றால் என் ஆபீஸிலேயே தேடிப் பிடிக்க வேண்டும். குறை சொல்லவில்லை, மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டும் கண்டெய்னர் மேல் கண்டெய்னர் அடுக்குகிறவர்களுக்கு அடியில் இருப்பது கண்ணில் படும் அவசியமே வருவதில்லை.

பைசெக்ட் கடைசியில் ஒரு மாற்றத்தில் வந்து நின்றது. தூக்கத்துக்குப் போகும்போது சாதனங்களை அணைக்கும் வரிசையை மாற்றிய சில வரிகள். எழுதியவர் சொல்லியிருந்த காரணம் நியாயமானதுதான்; வேறொரு மாடல் லேப்டாப்பில் பேட்டரி வீணாவதைத் தடுக்க எழுதியது. புதிய பதிப்பின் மேல் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் கிட் ரிவர்ட் போட்டு எடுத்துவிட்டுக் கட்டினோம். மூடினான், திறந்தான், திரை வந்தது. அந்தக் கெர்னலுக்குத் தன் பெயரைப் பின்னொட்டாகப் போட்டுக்கொண்டான். ஹாஸ்டலில் யூநேம் அடித்துக் காட்டியிருப்பான், சந்தேகமே இல்லை.

அங்கேதான் நான் கறாராக இருந்தேன். நாமே கட்டிய கெர்னலுக்கு டிஸ்ட்ரோவின் பாதுகாப்பு அப்டேட் வராது. ஸ்டேபிள் பதிப்புகள் பெரும்பாலும் வாரம் ஒன்று வந்துகொண்டிருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து, பாதுகாப்பு ஓட்டைகளை அடையாளம் சொல்லும் சிவிஇ எண்களைக் கெர்னல் குழுவே வழங்குகிறது, பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். ஒவ்வொரு முறையும் இறக்கி, ரிவர்ட் போட்டு, கட்டி, நிறுவ அவன் தயாரா? முதலில் தயார் என்றான். இன்டர்னல் தேர்வு வந்ததும் அல்சூர் பக்கமே காணோம், அவன் கெர்னலும் அதே எண்ணில் நின்றுகொண்டிருந்தது. பிறகு வந்த ஸ்டேபிள் பதிப்பு ஒன்றில் அந்த வரிசை திருத்தப்பட்டது, டிஸ்ட்ரோவும் அதை எடுத்துக்கொண்டது. டிஸ்ட்ரோ கெர்னலில் மூடி திறந்து பார்த்து உறுதிசெய்துவிட்டு, அவன் பெயர் போட்ட பொதியை நீக்கச் சொன்னேன். மனசில்லாமல் நீக்கினான். செக்யூர் பூட்டையும் ஆன் செய்தாயிற்று.

சுருங்கிய அந்த டாட் கான்ஃபிக்கை மட்டும் என் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். ஆனால் போன மாதம் அவன் எஸ்.பி. ரோட்டில் ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் டாங்கிள் வாங்கியிருக்கிறான். அடுத்த முறை கட்டும் நிலை வந்தால், அதையும் செருகிவிட்டு எல்எஸ்மாட் பட்டியலை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.